எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: அன்று செய்ததும் இன்று செய்வதும், உடம்புக்கு உண்மையில் என்ன பலன்?

இளவேனில்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 43. சுகர் பல வருடமாக இருக்கிறது, இரண்டு வேளை இன்சுலின், இரவில் குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, முட்டி வலி தனி. டாக்டர் இப்போது பேரியாட்ரிக் சர்ஜரி பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அந்தக் காலத்தில் குடலைச் சுருக்கிக்கொண்டவர்கள் வயிற்றுப்போக்கிலேயே படுத்துவிட்டார்கள், ஈரல் கெட்டுப்போனது என்று பெரியப்பா எங்கோ படித்ததைச் சொல்கிறார். வாயைக் கட்டினால் போதும் என்கிறார் அம்மா. அக்கா எதுவுமே பேசுவதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெரியப்பா சொல்வது எந்த ஆபரேஷன், இப்போது செய்வதும் அதேதானா? எடை குறைவதைத் தாண்டி நன்மை உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறதா? விளம்பரத்தில் வருகிற முன்-பின் படங்கள் எனக்கு வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்கதிர்

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் சம்மதம் இல்லை. நன்றாக வேலை செய்கிற இரைப்பையை வெட்டுவது எப்படி வைத்தியமாகும்? சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, தூக்கத்தைச் சரிசெய்து இளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்டாலும் கடைசியில் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும், அதை ஆபரேஷன் இல்லாமலே செய்யலாமே. மயக்க மருந்து, ரத்தக்கசிவு, தொற்று என்று ஆபத்தும் கொஞ்சமல்ல. உங்கள் அக்காவின் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

மருதன்

தம்பி, உங்கள் பெரியப்பா சொல்வது கட்டுக்கதை இல்லை. ஆனால் அவர் சொல்லும் ஆபரேஷனைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது அதில்தான் புரியும்.

1950-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது ஜெஜுனோ-இலியல் பைபாஸ். சிறுகுடலின் மேல்பகுதியைக் கடைசிப் பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள், நடுவில் இருக்கும் மீட்டர் கணக்கான குடல் உணவைப் பார்க்காமலே சும்மா கிடக்கும். உறிஞ்ச இடம் இல்லாததால் எடை மளமளவென்று இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, வைட்டமின் குறைபாடு, சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல், சும்மா கிடந்த குடலில் பெருகிய பாக்டீரியா, மூட்டு வீக்கம், சிலருக்கு ஈரல் செயலிழப்பு, மரணம். பலருக்குத் திரும்ப வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. இந்தத் துறையின் மேல் இன்றும் விழுகிற பயத்தின் வேர் இதுதான், அந்தப் பயம் நியாயமானதும்கூட.

அடுத்த திருப்பம் அயோவா பல்கலைக்கழகத்தில். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு எடை ஏறுவதே இல்லை என்பதை எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966-ல் அவரும் சிகாஷி இட்டோவும் இரைப்பையின் மேல்பகுதியைத் தனியாகப் பிரித்து அதைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். கேஸ்ட்ரிக் பைபாஸ் பிறந்தது இப்படித்தான். முதலில் பித்தநீர் மேலே ஏறி எரிச்சல் தந்தது. 1977-ல் கிரிஃபென் குடலை ஒய் வடிவத்தில் இணைக்கும் ரூ முறையைக் கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை அடங்கியது. இன்றைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸ் என்று செய்வது அதைத்தான். இதில் குடலின் பெரும்பகுதி வேலையில்தான் இருக்கிறது, 1950-களின் முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அதுவே.

இடையில் வேறு சிலவும் வந்தன. 1970-களின் கடைசியில் இத்தாலியில் ஸ்கோப்பினாரோ கொண்டுவந்த முறை எடையை நன்றாகக் குறைத்தது, ஆனால் சத்துக் குறைபாடு அதிகம். இரைப்பையின் மேல் வளையம் மாட்டும் பேண்ட் 2000-களில் கொடிகட்டிப் பறந்தது. வளையம் நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போனது, எடையும் போதுமான அளவு குறையவில்லை. போட்டதைக் கழற்றவே நிறையப் பேர் திரும்பி வந்தார்கள், இன்று பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

இப்போது உலகில் அதிகம் செய்வது ஸ்லீவ். இரைப்பையை நெடுக்கில் வெட்டி முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு ஒரு குழாய் போல விடுவார்கள். மிக அதிக எடை இருந்தவர்களுக்கு நீண்ட ஆபரேஷன் ஆபத்து என்பதால் இரண்டு கட்டமாகச் செய்யலாம், முதலில் இரைப்பையை மட்டும் குறைத்து வைப்போம் என்றுதான் இதைத் தொடங்கினார்கள். முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கிவிட்டதால் இரண்டாவது தேவைப்படவில்லை, அப்புறம் அதுவே தனி ஆபரேஷனாக நிலைத்துவிட்டது.

ஆபத்து குறைந்ததற்குப் பெரிய காரணம் லேப்ராஸ்கோப்பி. 1994-ல் விட்குரோவும் கிளார்க்கும் பைபாஸைச் சிறு துளைகள் வழியாகச் செய்ததை வெளியிட்டார்கள். பருமனானவர்களுக்குப் பெரிய கீறல் போட்டால் புண் ஆறாமல் சீழ் பிடிப்பது, அந்த இடத்தில் பிற்பாடு குடலிறக்கம் வருவது என்று இருந்த தொல்லைகள் அதோடு வெகுவாகக் குறைந்தன.

இரவுப்பணி செவிலி

நான் சர்ஜரி வார்டில் நர்ஸ். மருதன் அண்ணா வரலாற்றைச் சொல்லிவிட்டார், வார்டில் நடப்பதை நான் சொல்கிறேன்.

ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 4,776 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். முக்கியமாகப் பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு. இன்னொன்று காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. அதனால்தான் அன்றைக்குச் சாயங்காலமே, வலி இருந்தாலும், கையைப் பிடித்து எழுப்பி நடக்க வைக்கிறோம்.

கசிவுக்கு நாங்கள் முதலில் பார்ப்பது நாடித்துடிப்பு. 120-க்கு மேல் போய் அங்கேயே நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர் என்று அவரே சொன்னாலும், டாக்டரை எழுப்பிவிடுவோம். வீட்டுக்குப் போன பிறகும் முதல் சில வாரம் இது பொருந்தும். படபடப்பு நிற்காமல் இருந்தால், தோள்பட்டையில் புதிதாக வலி வந்தால், மூச்சு வாங்கினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

இன்னொன்று, நான் கண்ணால் பார்ப்பது. சுகர் உள்ளவர்களின் சார்ட்டில் ஒவ்வொரு வேளை அளவையும் இன்சுலின் யூனிட்டையும் நாங்கள்தான் எழுதுகிறோம். 60 யூனிட் போட்டுக்கொண்டு வந்தவருக்கு பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் 12 யூனிட் எழுதியிருப்போம், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். எடை இன்னும் இறங்கத் தொடங்கியிருக்காது. சாப்பிடாமல் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. பழைய டோஸை அப்படியே போட்டால் சுகர் தாழ்ந்து மயங்கிவிடுவார்கள், ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது புது டோஸை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மருதன்

சிஸ்டர் சொன்ன அந்தக் காலிக் கட்டம்தான் இந்தத் துறையையே மாற்றியது. நார்த் கரோலைனாவில் வால்டர் போரீஸ் என்ற சர்ஜன் பைபாஸ் செய்தவர்களை 14 வருடம் தொடர்ந்து பார்த்து 1995-ல் வெளியிட்டார். டைப் 2 சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு சுகர் சாதாரண அளவுக்கு வந்து நின்றிருந்தது. கத்தி வைத்துச் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று அதற்கு முன்பு சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெண்கதிர், உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. குறைவாகச் சாப்பிடுவதுதானே என்றீர்கள். வெறுமனே சாப்பாட்டைக் குறைக்கும்போது உடம்பு அதை எதிர்க்கிறது. ஏசியை 24-ல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் அது எப்படி முக்கி முக்கி அதே 24-க்குக் கொண்டுவரப் பார்க்குமோ, அப்படி மூளை பழைய எடைக்கே திரும்ப இழுக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது, உடம்பு எரிக்கும் கலோரியும் குறைகிறது. கிரெலின் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவ் எடுத்துப் போடுவது அந்தப் பகுதியைத்தான். பைபாஸிலோ உணவு சிறுகுடலின் பின்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கின்றன. அவை இன்சுலினைத் தூண்டும், மூளைக்கு வயிறு நிறைந்தது என்று சொல்லும். பித்த அமிலங்கள், குடல் பாக்டீரியாக்கள் எல்லாமும் மாறுகின்றன.

இரைப்பையைச் சின்னதாக்கினால் சாப்பாடு குறையும் என்று நினைத்து ஆரம்பித்த ஆபரேஷன், உண்மையில் பசியையும் சுகரையும் ஆட்டுவிக்கும் ஹார்மோன்களை மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளவே ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதைத்தான் தம்பி. இத்தனை வருடம் அவர் தோற்றது மன உறுதி இல்லாததால் இல்லை.

வெண்கதிர்

ஹார்மோன் விளக்கம் சரி, அதை ஏற்கிறேன். ஆனால் அது நிலைக்குமா? இரண்டு வருடம் கழித்து சுகர் திரும்பி வந்துவிட்டால் வயிற்றை வெட்டிக்கொண்டதற்கு என்ன அர்த்தம்? அப்புறம், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏற்கெனவே உடம்பில் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாமே. சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு இருக்கிறதா?

மருதன்

நல்ல கேள்விகள். குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்ததில் பெயர் பெற்றது கிளீவ்லேண்ட் கிளினிக்கின் ஸ்டாம்பீட் ஆய்வு. 150 பேர். ஐந்து வருட முடிவு 2017-ல் வந்தது. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்த குழுவில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29.

நிலைக்குமா என்பதற்கு ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு. இரண்டு பக்கமும் இரண்டாயிரம் பேருக்கு மேல், குலுக்கல் இல்லை, ஒத்த நிலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சர்க்கரை நோய் இருந்தவர்களில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேருக்கு அடங்கியிருந்தது, 15 வருடத்தில் அது 30 சதவீதமாக இறங்கியது. ஆமாம், பலருக்குத் திரும்பி வருகிறது, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு இவற்றில் வரும் பாதிப்புகள் ஆபரேஷன் குழுவில் கிட்டத்தட்டப் பாதிதான். சுகர் அடங்கியிருந்த வருடங்கள் வீணாகவில்லை. 2020-ல் வந்த கணக்குப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிட 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள், பொதுமக்களைவிட 5.5 வருடம் குறைவாக. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மாரடைப்பு, பக்கவாதம், பெண்களுக்கு வரும் சில புற்றுநோய்கள் குறைவதற்கும் ஆதாரம் இருக்கிறது. ரத்த அழுத்தம், கொழுப்பு ஈரல், தூக்கத்தில் மூச்சு நிற்பது எல்லாம் நன்றாகவே குறையும்.

நெடுந்தூரம்

பைபாஸ் செய்துகொண்டவன் பேசுகிறேன். முதல் சில நாள் மருந்துக் குப்பியின் மூடி அளவு தண்ணீர், அதையும் மடக்கென்று குடிக்க முடியாது, ஒரு வாய் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் பெரிய கவளமாக விழுங்கிவிட்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், வாயில் எச்சில் ஊறி ஊறி வரும், எழுந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, முதலில் புரதம், அப்புறம் மற்றது, நன்றாக மென்று. இதெல்லாம் கொஞ்ச மாதத்தில் பழகிவிடும்.

இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டால் டம்பிங் என்று ஒன்று வரும். இதயம் அடித்துக்கொள்ளும், வியர்த்துக் கொட்டும், வயிறு பிசையும், படுத்தால் தேவலை என்றாகிவிடும். மூன்றாம் நான்காம் மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும், பயப்பட வேண்டாம், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும்.

பலன் என்றால் நான் எடையைச் சொல்ல மாட்டேன். இரவில் மூச்சு நிற்காமல் இருக்க முகத்தில் மாட்டிக்கொண்டிருந்த சி-பாப் மெஷினை, தூக்கப் பரிசோதனை திரும்பச் செய்துபார்த்து, டாக்டர் வேண்டாம் என்றார். காலையில் தலைவலி இல்லாமல் எழுந்திருப்பது என்பது எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். தரையில் உட்கார்ந்து எந்தப் பிடிமானமும் இல்லாமல் எழுகிறேன். உங்கள் அக்காவுக்கு முட்டி வலி என்றீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. சிகரெட்டும், வலிக்குச் சட்டென்று வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் பைபாஸ் இணைப்பில் அல்சரைக் கொண்டுவரும், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் பைபாஸ் ஆனதைச் சொல்ல வேண்டும். மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாகக் குடிக்கு அடிமையானவர்களும் இருக்கிறார்கள்.

கார்முகில்

என் அனுபவம் வேறு, அதையும் கேளுங்கள். நான் செய்துகொண்டது ஸ்லீவ். முதல் வருடம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு நெஞ்செரிச்சல். இரவில் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து எழுப்பிவிடும், தலையணையை உயர்த்தி வைத்தும் பிரயோசனம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே எனக்கு லேசாக இருந்தது, ஆனால் எண்டோஸ்கோப்பி செய்யாமலே ஸ்லீவ் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இப்படி அமிலம் மேலே ஏறும் ரிஃப்ளக்ஸ் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கும், பைபாஸ் பெரும்பாலும் சரியாக்கும். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து பணம் கட்டியதோடு அந்த இடத்தில் என்னை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். டயட்டீஷியன் போனை எடுப்பதே இல்லை. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்க மாத்திரையாக எடுக்க வேண்டும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதித் தரவில்லை. கால் மரத்துப்போய் வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் பி12 தரைமட்டத்தில் இருப்பது தெரிந்தது. ஆரம்பத்தில் விடாமல் வாந்தி வந்தால் தயாமின் (வைட்டமின் பி1) குறைந்து மூளையே பாதிக்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். குறைந்த எடையில் ஒரு பகுதி எனக்குத் திரும்பியும் வந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆபரேஷனே தப்பு என்று சொல்ல மாட்டேன், என் ரத்த அழுத்த மாத்திரை நின்றது நின்றதுதான். ஆனால் சர்ஜன் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறார் என்று கேட்கிற அளவுக்கு, ஐந்தாம் வருடம் என்னை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

வெண்கதிர்

கார்முகில், இதை எழுதியதற்கு நன்றி. எனக்கு இருந்த கவலையும் இதுதான், பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் செய்துகொள்ளவே கூடாது. இளவேனில், உங்கள் அக்காவுக்கு இன்சுலின் வரை போயிருக்கிறது, மூச்சும் நிற்கிறது என்னும்போது வெறும் நடைப்பயிற்சியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல குழுவாகத் தேடுங்கள்.

இளவேனில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்காவிடம் போனைக் கொடுத்து இதை முழுக்கப் படிக்கச் சொன்னேன். மன உறுதி பற்றி மருதன் அண்ணா எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தாள், அப்புறம் அவளாகவே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். எடைக்கு ஊசி வந்திருக்கிறதே, அதையே போட்டுக்கொள்ளலாமா என்கிறாள். இன்னொன்று, அவளுக்கு 33 வயது, குழந்தை வேண்டும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் தரிக்க முடியுமா?

மருதன்

ஊசியைப் பற்றி. செமாகுளுடைட் என்ற ஊசியின் ஆய்வுகளில் எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, டிர்செபடைட் என்ற ஊசியின் அதிக டோஸில் 20 சதவீதத்தை ஒட்டி. ஸ்லீவ், பைபாஸில் 25 முதல் 30. நான் முன்னால் சொன்ன ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையைத்தான் இந்த மருந்துகளும் செய்கின்றன. பலருக்கு இது நல்ல வழி. ஆனால் நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்பி வருகிறது, ஆகவே நீண்ட காலம் போட வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு எடையைக் கொஞ்சம் இறக்கவும், பிறகு எடை திரும்பும்போதும் இதைத் தருகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது கிடையாது என்று இல்லை.

யாருக்குச் செய்யலாம் என்ற அளவும் மாறியிருக்கிறது. 1991-ல் அமெரிக்காவில் வகுத்தது பிஎம்ஐ 40, அல்லது நோய்களோடு 35. 2022-ல் அதை 35 ஆகவும், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30 ஆகவும் தளர்த்தினார்கள். ஆசிய மக்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்றும் சேர்த்தார்கள், நமக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுகிறது. உங்கள் அக்கா எந்தக் கணக்கிலும் உள்ளே வருகிறார்.

பூங்குயில்

குழந்தை கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பைபாஸுக்குப் பிறகு பெற்றவள் நான். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எடை இறங்க இறங்க மாதவிடாய் சீராகும், கருமுட்டை வெளிவரத் தொடங்கும். பல வருடம் தரிக்காதவர்களுக்கும் எதிர்பாராமல் தரித்துவிடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள், எடை வேகமாக இறங்கும் நேரத்தில் குழந்தைக்குச் சத்துப் போதாது. அதனால் அந்தக் காலத்துக்குக் கருத்தடை கட்டாயம். பைபாஸ் ஆனவர்களுக்கு விழுங்கும் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், காப்பர் டி போன்ற ஒன்றைப் பற்றி மகப்பேறு டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடச் சொல்லுங்கள்.

தரிக்கும் முன்பு இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி அளவுகளைப் பார்க்க வேண்டும், கர்ப்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ மாத்திரை ரெட்டினால் வகையாக இருந்தால் பீட்டா கரோட்டின் வகைக்கு மாற்றச் சொல்வார்கள். கர்ப்பகாலச் சுகருக்காகக் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லும் பரிசோதனை வேண்டாம், டம்பிங் வந்து எனக்கு லேப்பிலேயே கண் இருட்டிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு போனால் போதும் என்று டாக்டரே ஒத்துக்கொண்டார். அக்காவுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.